பாட்டியின் சாட்சி

வீட்டில் வயதான பெரியவர்கள் இருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமானதுதான். காலையில் காப்பி கொடுக்கப் போகிறீர்கள். பாட்டியின் முழங்கைக்குக் கீழே ரத்தம் கட்டி நீலம் பாரித்திருக்கிறது. "என்னம்மா இது, எங்கே இடித்துக் கொண்டீர்கள்?" என்று கேட்கிறீர்கள். "யாருக்குத் தெரியும்? வயசாச்சு, தொட்டாலே கன்றிப் போகிறது" என்கிறாள் பாட்டி. நீங்களும் கொஞ்சம் தைலத்தைத் தடவிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறீர்கள்.

பெரும்பாலும் பாட்டி சொல்வது வாஸ்தவமே. ஆனால் ஏதோ ஒரு வீட்டில் அது வாஸ்தவமில்லை. அங்கே பாட்டி இடித்துக் கொள்ளவில்லை. யாரோ பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பதில் மட்டும் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான்: "வயசாச்சு!" இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை குற்றங்கள் பதுங்கிக் கொள்கின்றன என்று பார்ப்பதையே தொழிலாக எடுத்துக் கொண்ட சிலர் அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலையில் கூடினார்கள். அவர்களைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

காலிபோர்னியா மாகாணத்தின் தென்பகுதியில் ஆரஞ்ச் கவுண்டி என்று ஒரு ஜில்லா. உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அதை அடையாளம் சொல்வது சுலபம். டிஸ்னிலாந்து அங்கேதான் இருக்கிறது. அந்த ஜில்லாவில் அர்வைன் என்ற ஊரில் காலிபோர்னியா சர்வகலாசாலையின் ஒரு கிளை நடக்கிறது. அதன் மருத்துவக் கல்லூரியில் முதியோர் வைத்தியப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் டாக்டர் லாரா மோஸ்குவேடா என்ற அம்மையார். 2003-ம் ஆண்டில் அவரும் அவருடைய சகாக்களும் சேர்ந்து, முதியவர்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகளைத் துப்பறிந்து ஆராய ஒரு நிலையம் ஏற்படுத்தினார்கள். அமெரிக்காவிலேயே அந்த மாதிரி நிலையம் அதுதான் முதல்.

நிலையம் என்றதும் கண்ணாடிக் குழாய்களையும் பூதக் கண்ணாடிகளையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அங்கே முக்கியமான சாதனம் ஒரு மேஜை! வாரம் ஒரு முறை அதைச் சுற்றிப் பலரும் வந்து உட்காருவார்கள். டாக்டர் இருப்பார், மனோதத்துவ நிபுணர் இருப்பார், முதியோர் பாதுகாப்பு இலாகாவின் சமூக சேவகிகள் இருப்பார்கள். போலீஸ் துப்பறிவாளர், சர்க்கார் தரப்பு வக்கீல், ஏழைகளுக்குச் சட்ட உதவி செய்யும் வக்கீல், முதியோர் விடுதிகளின் மேல் வரும் புகார்களைக் கவனிக்கிற அதிகாரி ஆகியோரும் வருவார்கள்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் யானையைத் தடவிப் பார்த்த குருடர்கள் கதைதான் நடந்தது. டாக்டர் காயத்தைப் பார்ப்பார். பாங்கிக் கணக்கு அவருக்குத் தெரியாது. சமூக சேவகி வீட்டைப் பார்ப்பாள். கிழவிக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று நிர்ணயிக்க அவளுக்கு அதிகாரம் கிடையாது. போலீஸ்காரர் வாசலிலேயே, "இது குடும்ப விவகாரம்" என்று சொல்லித் திரும்பிவிடுவார். வக்கீலோ, ஞாபக மறதிக்காரியைக் கூண்டில் ஏற்றினால் கேஸ் நிற்குமா என்று யோசிப்பார். ஒவ்வொருவர் சந்தேகமும் அவரவர் பைலிலேயே தூங்கும். அத்தனை பைல்களையும் ஒரே மேஜையில் பிரித்து வைத்ததுதான் இவர்கள் செய்த முதல் காரியம். தேவைப்பட்டால் டாக்டரே சமூக சேவகியுடன் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்.

ஆனால் மேஜை மட்டும் போதவில்லை. கோர்ட்டில் கேட்கிற முதல் கேள்வி, "இது அடித்ததால் வந்த காயம் என்று எப்படித் தெரியும்?" என்பது. குழந்தைகளின் உடம்பில் காணும் ரத்தக்கட்டுகளைப் பற்றி ஏராளமான ஆராய்ச்சி அதற்கு முன்பே நடந்திருந்தது. கிழவர்களின் ரத்தக்கட்டைப் பற்றியோ அநேகமாக ஒன்றுமே இல்லை! குழந்தை விழுந்தால் உலகம் விசாரிக்கிறது. பாட்டி விழுந்தால் விசாரிப்பதில்லை போலிருக்கிறது.

ஆகவே டாக்டர் மோஸ்குவேடாவின் குழுவினர் பொறுமை மிகுந்த ஒரு வேலையில் இறங்கினார்கள். 65 வயதைக் கடந்த 101 பேரிடம் சம்மதம் பெற்றுக் கொண்டார்கள். சராசரி வயது 83. தினந்தோறும் போய் அவர்களைத் தலை முதல் கால் வரை பார்ப்பது. புதிதாக ஒரு ரத்தக்கட்டு தென்பட்டால் அளந்து, நிறத்தைக் குறித்துக் கொண்டு, மறையும் வரையில், அல்லது ஆறு வாரம் வரையில், தினமும் கவனித்து வருவது. சொல்வதற்குச் சாதாரணமாக இருக்கிறது. தினசரி ஒரு பாட்டியிடம் போய், "முழங்கையைக் காட்டுங்கள், முதுகைக் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்!

2005-ம் ஆண்டில் முடிவுகள் வெளியாயின. தற்செயலாக ஏற்படும் ரத்தக்கட்டுகளில் நூற்றுக்குச் சுமார் 90 கையிலும் காலிலும்தான் இருந்தன. கழுத்திலோ, காதிலோ, பிருஷ்ட பாகத்திலோ, உள்ளங்காலிலோ ஒன்றுகூட இல்லை. இன்னொன்றையும் கேளுங்கள். ரத்தக்கட்டு முதலில் சிவந்து, பிறகு நீலமாகி, ஆறும் சமயத்தில்தான் மஞ்சளாகும் என்று டாக்டர்களே நம்பி வந்தார்கள். மஞ்சளாக இருந்தால் பழைய காயம் என்று சாட்சியும் சொல்லி வந்தார்கள். இந்த ஆராய்ச்சியிலோ 16 ரத்தக்கட்டுகள் முதல் நாளே மஞ்சளாகக் காணப்பட்டன! நிறத்தைப் பார்த்து நாள் கணிப்பது அதோடு போயிற்று. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஒரே சமயத்தில் பல இடங்களில் கன்றுவதும் தெரிந்தது. அப்படிப்பட்டவர்கள் வீட்டாரை அவசரப்பட்டுச் சந்தேகிக்கக் கூடாது அல்லவா? நிரபராதியைக் காப்பாற்றவும் இந்த ஆராய்ச்சி உதவுகிறது.

அடுத்தபடியாக, கொடுமைக்கு உள்ளானதாகப் புகார் வந்த 67 முதியவர்களைப் பார்த்தார்கள். இது 2009-ல் வெளியாயிற்று. அவர்களில் நூற்றுக்கு 72 பேர் உடம்பில் ரத்தக்கட்டு இருந்தது. முகத்தில், வலது கையின் வெளிப்புறத்தில், முதுகில் என்று தென்பட்டது. வலது கை ஏன்? அடி விழும்போது தடுக்க உயருகிற கை அதுதானோ என்னவோ! அளவிலும் வித்தியாசம் இருந்தது. அடிபட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் இரண்டு அங்குலமோ அதற்கு மேலோ அகலமுள்ள ரத்தக்கட்டு ஒன்றாவது இருந்தது. தற்செயலாகக் கன்றியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் அவ்வளவு பெரிதாக இருந்தது.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தோன்றிய விஷயம் ஒன்று உண்டு. தானாகக் கன்றியவர்களைக் கேட்டபோது, பெரும்பாலோருக்கு எப்படி வந்தது என்றே நினைவில்லை. அடிபட்டவர்களைக் கேட்டபோதோ, ரத்தக்கட்டு உள்ளவர்களில் நூற்றுக்கு 90 பேர் அது எப்படி வந்தது என்று சொன்னார்கள். ஞாபக மறதி நோய் உள்ளவர்கள் பலரும் அதில் அடக்கம்! காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்து போகலாம். யார் கையை முறுக்கினார்கள் என்பது மறக்கவில்லை. "அவள் கிடக்கிறாள், புத்தி பேதலித்தவள், என்னவோ உளறுகிறாள்" என்று இனி யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. கேட்பதற்கு ஆள் இல்லாததுதான் குறை; சாட்சி இருந்துகொண்டே இருந்தது.

அடி உதை ஒரு பங்கு என்றால், பணத்தைப் பிடுங்குவது இன்னொரு பங்கு. அது சத்தமே இல்லாமல் நடக்கிறது. ஒரு நாள் கையெழுத்துக் கேட்பார்கள், பாங்கிக் கணக்கில் இன்னொரு பெயர் சேரும், உயில் மாறும், வீடு கைமாறும். கையெழுத்தென்னவோ பாட்டியுடையதுதான்! அதைப் போடும்போது விஷயம் புரிந்து, மனப்பூர்வமாகப் போட்டாளா என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க மனோதத்துவ நிபுணர் வீடு தேடிப் போகிறார். காலிபோர்னியாவில் 2014-ல் அமலுக்கு வந்த சட்டம் நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. முதியவர் எவ்வளவு பலவீனமான நிலையில் இருந்தார்? வற்புறுத்தியவருக்கு அவர்மேல் என்ன பிடி இருந்தது? என்ன தந்திரங்கள் கையாளப்பட்டன? முடிவு நியாயமாக இருக்கிறதா? தந்திரங்கள் என்பதற்குச் சட்டம் கொடுக்கும் உதாரணங்களைப் படித்தால் மனம் என்னவோ செய்கிறது: மருந்தைத் தன் கைவசம் வைத்துக் கொள்வது, மற்றவர்களைப் பார்க்க விடாமல் தடுப்பது, தூங்க விடாமல் செய்வது! பாங்கிச் சிப்பந்திகளுக்கும் அந்த மாகாணத்தில் 2007 முதல் ஒரு கடமை உண்டு. வயதானவர் கணக்கில் ஏதோ சூது நடக்கிறதென்று தோன்றினால், வாயை மூடிக் கொண்டிருக்கக் கூடாது. தகவல் கொடுத்தாக வேண்டும்.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசினால் உண்மையில் பலன் உண்டா? லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2006-ல் இதே மாதிரி ஒரு நிலையம் ஏற்பட்டது. பண மோசடி விவகாரங்களை மட்டும் எடுத்துக் கணக்குப் பார்த்து 2013-ல் வெளியிட்டார்கள். வழக்கமான முறையில் விசாரித்த விவகாரங்களில் நூற்றுக்கு 3 தான் சர்க்கார் வக்கீலின் பார்வைக்குப் போயின. நிலையத்தின் மூலம் போனவை நூற்றுக்கு 22.

இதெல்லாம் நாதியற்ற ஏழைகளுக்கு நேர்வது என்று எண்ணாதீர்கள். மிக்கி ரூனி என்ற ஹாலிவுட் நடிகரைப் பழைய படங்கள் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். சிறு பையனாக நடிக்க வந்து ஒரு காலத்தில் அமெரிக்காவையே சிரிக்க வைத்தவர். 2011-ம் ஆண்டு மார்ச் மாதம், தம்முடைய 90-வது வயதில், அவர் வாஷிங்டனில் செனட் கமிட்டி முன்னால் வந்து உட்கார்ந்தார். தம் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவராலேயே பணத்தை இழந்ததையும், சின்ன விஷயத்தைக்கூடத் தாமாக முடிவு செய்ய முடியாமல் போனதையும், பயத்தினாலும் வெட்கத்தினாலும் வெளியே சொல்லாமல் இருந்ததையும் எடுத்துச் சொன்னார். தமக்கே இது நேரும் என்றால் யாருக்கும் நேரலாம் என்றார். மூன்று வருஷங்களுக்குப் பிறகு 2014-ல் அவர் காலமானார்.

இதுவரை வந்தவர்கள் வில்லர்கள். அவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் அர்வைன் குழுவினர் இன்னொரு கதவையும் தட்டிப் பார்த்தார்கள், சகோதரிகளே! அது நம்மைப் போன்றவர்கள் வீட்டுக் கதவு. ஞாபக மறதி நோய் கண்டவர்களும் அவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக் கொள்பவர்களுமாக 129 ஜோடிகளைச் சந்தித்துப் பேசினார்கள். பார்த்துக் கொள்பவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்ல, பாசமுள்ள உறவினர்கள். 2010-ல் வெளியான முடிவு: நூற்றுக்கு 47 முதியவர்கள் ஏதோ ஒரு விதத்தில் கடுமையாக நடத்தப்பட்டிருந்தார்கள். பெரும்பாலும் அடி அல்ல, வாய்ச் சொல்தான். கத்துவது, மிரட்டுவது, "உன்னைக் கொண்டுபோய் விடுதியில் தள்ளிவிடுவேன்" என்பது போல.

இரவு மூன்று மணிக்கு ஆறாவது தடவை எழுப்பி, "எப்போது வீட்டுக்குப் போகலாம்?" என்று கேட்கும் தாயாரிடம், இதுதான் வீடு என்று ஆறாவது தடவை சொல்லும் பெண்ணின் நிலைமை அந்த நிலையத்தாருக்குத் தெரியாததல்ல. அவளுக்குத் தேவை ஜெயில் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் முறை மாற்ற ஒரு ஆள். டாக்டரிடம் அழைத்துப் போக ஒரு வண்டி. ஒரு ராத்திரி முழுத் தூக்கம். மேஜையைச் சுற்றிப் பேசும்போது சில பைல்களுக்குப் போலீஸ்காரர் எழுந்து போகிறார். சில பைல்களுக்குச் சமூக சேவகி மட்டும் போகிறாள். எது எந்த வகை என்று பிரிப்பதில்தான் அவர்களுக்கு மூளை கசங்குகிறது. இரண்டு வீட்டிலும் வாசல் கதவைத் திறப்பவர் ஒரே மாதிரி சிரிக்கிறாரே!

வீட்டுக்குப் போகும் டாக்டர் செய்கிற முதல் வேலை, மற்றவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்வது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பாட்டியின் கண்ணுக்கு நேராக உட்காருகிறார். சமையல் யார் செய்கிறார்கள், பணம் யார் கையில் இருக்கிறது, வீட்டில் யாரிடமாவது பயமுண்டா என்று நிதானமாகக் கேட்கிறார். பதில் உடனே வராது. காத்திருக்கிறார். நடுவே மாத்திரைப் புட்டிகளையும் ஐஸ் பெட்டியையும் பார்வையிடுகிறார். மாத்திரைகள் எண்ணிக்கைப்படி குறைந்திருக்கின்றனவா? பெட்டியில் பாட்டி மெல்லக்கூடிய ஆகாரம் ஏதாவது இருக்கிறதா?

எல்லாம் தெரிந்த பிறகும், சில சமயம் பாட்டி கையைப் பிடித்துக் கொண்டு, "என் பிள்ளையை ஒன்றும் செய்துவிடாதீர்கள்" என்பாள். புத்தி தெளிவாக உள்ள பெரியவள் உதவி வேண்டாம் என்று சொன்னால், அந்த நாட்டுச் சட்டப்படி சமூக சேவகி பலவந்தம் செய்ய முடியாது. வேறு ஒரு ஆபத்தும் இல்லையென்றால் எழுந்து வரவேண்டியதுதான். வரும்போது, எந்த நேரத்திலும் கூப்பிடலாம் என்று சொல்லி டெலிபோன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிப் பாட்டி கையில் கொடுத்துவிட்டு வருகிறாள். சில வாரம் கழித்து, வேறு ஏதோ சாக்கில், அந்த வீட்டு வாசலில் மறுபடி போய் நிற்கிறாள்.