சாக்ஸுக்குள் ஒரு சீட்டு!

குட்டீஸ், புது சாக்ஸைக் காலில் மாட்டுகிறீர்கள். உள்ளே ஏதோ தடுக்கிறது. கையை விட்டுப் பார்த்தால், சின்னதாக மடித்த ஒரு சீட்டு! முன்பின் தெரியாத ஒரு சிறுமியின் பெயர், விலாசம், இரண்டு வரி வாழ்த்து. எப்படி இருக்கும் உங்களுக்கு?

முதல் உலகப் போரில் சண்டையிட்ட ஆஸ்திரேலிய வீரர்கள் பலருக்கு உண்மையிலேயே இப்படிச் சீட்டு கிடைத்தது.

போருக்கும் சாக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? 1914 முதல் 1918 வரை நடந்த அந்தப் போரில், பிரான்ஸ், பெல்ஜியம் நாடுகளில் இரு தரப்பு வீரர்களும் நீளநீளமாகப் பதுங்கு குழி வெட்டி அதற்குள்ளிருந்து சண்டை போட்டார்கள். மழை பெய்தால் குழி முழுக்கச் சேறும் தண்ணீரும்தான். குளிரோ எலும்பைத் துளைக்கும். நாள் கணக்கில் ஈர பூட்ஸுக்குள்ளேயே கிடந்த கால் முதலில் மரத்துப் போகும். பிறகு வீங்கும், நிறம் மாறும். கவனிக்காமல் விட்டால் அழுகிவிடும். விரலையோ, பாதத்தையோ வெட்டி எடுக்க வேண்டியதுதான். 'டிரெஞ்ச் ஃபுட்' என்று இதற்குப் பெயர். முதல் குளிர்காலத்திலேயே சுமார் 20 ஆயிரம் பிரிட்டிஷ் வீரர்கள் இதில் மாட்டிக்கொண்டார்கள். நம் இந்தியச் சிப்பாய்களும் அந்தக் குளிரில் பிரான்சில்தான் இருந்தார்கள், பாவம்!

இதைத் தடுக்க என்ன வழி? காலை நன்றாகத் துடைத்து, திமிங்கல எண்ணெய் தேய்த்து, காய்ந்த சாக்ஸ் மாட்ட வேண்டும். தினமும் இரண்டு முறையாவது மாற்ற வேண்டும். அப்படியென்றால் ஓர் ஆளுக்கு எத்தனை ஜோடி வேண்டும், பாருங்கள்! 1914ல் பிரிட்டிஷ் ராணி மேரி, 3 லட்சம் ஜோடி சாக்ஸ் பின்னித் தரும்படி பெண்களைக் கேட்டுக்கொண்டார்.

கடல் தாண்டி இருந்த ஆஸ்திரேலியாவிலும் அம்மாக்களும் பாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும் ஊசியைக் கையில் எடுத்தார்கள். பையன்களும்தான்! போனது அவர்களுடைய அப்பாவும் அண்ணனும் மாமாவும் ஆயிற்றே. ஒரு ஜோடி பின்ன ஏறக்குறைய 10 மணி நேரம் ஆகும். அப்படியும் போர் முடிவதற்குள் அங்கிருந்து போனவை 13 லட்சம் ஜோடிக்கும் மேல்.

சாக்ஸ் பின்னுவது மஃப்ளர் பின்னுவது போல எளிதல்ல. நான்கு ஊசிகளை வைத்து வட்டமாக, குழாய் போலப் பின்ன வேண்டும். குதிகால் வரும் இடத்தில் கண்ணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வளைக்க வேண்டும். அங்கேதான் எல்லோரும் திணறுவார்கள். நூல் தீர்ந்து புது நூலைச் சேர்க்கும்போது முடிச்சுப் போடவே கூடாது. பட்டாணி அளவு முடிச்சு போதும், பூட்ஸுக்குள் அழுத்தி, நடக்க நடக்கக் கொப்புளம் போட்டுவிடும். அந்தக் கொப்புளம் உடைந்து சேறு பட்டால்? அதனால், தப்பாகப் பின்னியதைப் பிரித்துவிட்டு மறுபடி பின்னுவதே நல்லது. விரல் நுனியைத் தழும்பு தெரியாமல் மூடும் பின்னலுக்கு அன்றைய பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனரின் பெயர்தான். அவரே கண்டுபிடித்தார் என்றுகூடச் சொல்வார்கள். நம்பாதீர்கள், அந்த முறை அதற்கு முன்பே இருந்தது!

சீட்டு கிடைத்த வீரர்களில் பலர் குழிக்குள் உட்கார்ந்தபடியே நன்றிக் கடிதம் எழுதினார்கள். கப்பலில் அது வந்து சேரப் பல வாரங்கள் ஆகும். பதிலே வராத சீட்டுகளும் உண்டு.

சரி, உங்கள் பாட்டிக்கு மார்கழிக் குளிரில் கால் சில்லிட்டுப் போகிறதா? பின்னல் தெரிந்த அத்தையோ, டீச்சரோ இருந்தால் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பாட்டிக்குத் தெரியாமல் அளவு எடுக்க ஒரு வழி இருக்கிறது. அவர் தூங்கும்போது செருப்பைக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். செருப்பு காலைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும், எனவே கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளேயே பின்னுங்கள்.

ஒரு சாக்ஸ் முடிந்ததும் இன்னொன்றா என்று அலுப்பாக இருக்கும். டால்ஸ்டாய் எழுதிய 'போரும் அமைதியும்' நாவலில் வரும் ஓர் ஆயாவுக்கு அந்தக் கவலையே இல்லை. ஒரே நேரத்தில் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிவிடுவார். முடித்ததும் குழந்தைகளைக் கூட்டி வைத்து, ஒரு சாக்ஸுக்குள்ளிருந்து மற்றதை உருவி எடுப்பார்!