தீ வைப்பதற்கென்றே ஒரு அரசாங்கத் துறை

சுருக்கமா சொன்னா பி.டபிள்யூ.டி. நம்ம ஊர்ல ரோடு போடுற, ஏரிக்கரை பார்க்கிற பொதுப்பணித் துறை இல்லை. இங்கிலாந்தில் 1940 ஜூலை 9ஆம் தேதி தொடங்கி, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மூடப்பட்ட ‘பெட்ரோலியம் வார்ஃபேர் டிபார்ட்மென்ட்’. பெட்ரோலை ஆயுதமாக்குவது எப்படி என்று யோசிப்பதற்காகவே ஒரு துறை!

போர்க்காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடுதானே இருக்கும், எரிச்சு விளையாட எங்கிருந்து கிடைச்சது என்று கேட்கலாம். மக்களுக்கு ரேஷன்தான். ஆனால் அந்தக் கோடையில் பிரான்ஸும் பெல்ஜியமும் ஜெர்மனியிடம் விழுந்துவிட்டதால், அங்கே போக வேண்டிய எண்ணெய்க் கப்பல்கள் பிரிட்டனுக்குத் திரும்பின. இன்னொரு பக்கம், டன்கர்க் கடற்கரையிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் தப்பி வந்தார்கள். பீரங்கிகளும் வண்டிகளும் அங்கேயே கிடந்தன. எதிரி எப்ப வேணும்னாலும் வந்து இறங்கலாம். கையில் துப்பாக்கி குறைவு, பெட்ரோல் நிறைய. இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் இந்தத் துறை. பொறுப்பு பெட்ரோலிய விவகாரங்களைப் பார்த்துவந்த ஜெஃப்ரி லாயிடிடம். நிர்வாகம் டொனால்ட் பேங்க்ஸிடம்.

முதல் வேலை, கடலையே கொளுத்துவது. கரையிலிருந்து குழாய் போட்டு, அலைமேல் எண்ணெயைப் பரப்பித் தீ வைக்க வேண்டும். 1940 ஆகஸ்டில் சோலன்ட் நீரிணைக் கரையில் செய்த சோதனையில் கடல் உண்மையாகவே எரிந்தது. ஆனா கடல் நம்ம சொல்படி கேட்குமா? கொஞ்சம் அலை எழும்பினாலே எண்ணெய்ப்படலம் சிதறிவிடும். சாலையோரத்தில் எண்ணெய்ப் பீப்பாய்களைப் புதைத்து, டாங்கி வரும்போது வெடிக்க வைக்கும் ‘ஃபுகாஸ்’ கண்ணிகளையும் பல்லாயிரக்கணக்கில் அமைத்தார்கள். எதிரி வரவே இல்லை. படையெடுத்து வந்த ஜெர்மானியர்கள் கடலில் கருகிச் செத்தார்கள் என்ற வதந்தி மட்டும் ஊர் ஊராகப் பரவியது. அதை ஊதிவிட்டதில் பிரிட்டிஷ் பிரச்சாரக்காரர்களுக்கும் பங்கு உண்டு.

பிறகு ‘புளூட்டோ’. பிரான்ஸில் இறங்கும் படைக்கு, ஆங்கிலக் கால்வாயின் அடியில் குழாய் போட்டு பெட்ரோல் அனுப்பும் திட்டம். இரும்புக் குழாயை ராட்சத நூற்கண்டு மாதிரி மிதக்கும் உருளையில் சுற்றி, கப்பல் இழுக்க இழுக்கக் கடலுக்குள் விட்டார்கள். இந்தத் துறையைப் பற்றி யார் எழுதினாலும் இதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அவ்வளவு உற்சாகம் வரவில்லை. ஷெர்பர்க்குக்குப் போட்ட குழாய்கள் 1944 செப்டம்பரில்தான் வேலை செய்ய ஆரம்பித்து, சில வாரங்களில் கைவிடப்பட்டன. பின்னால் டன்ஜனஸிலிருந்து போட்டவை நன்றாக ஓடின. ஆனாலும் மொத்தத் தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இந்த வழியாகப் போகவில்லை. மிச்சமெல்லாம் சாதாரண எண்ணெய்க் கப்பல்தான்.

நெருப்பைப் பீய்ச்சும் ‘குரோக்கடைல்’ டாங்கியையும் இவர்கள்தான் உருவாக்கினார்கள். அது போர்க்களத்தில் வேலை செய்தது. பலர் அதைப் பார்த்த மாத்திரத்தில் சரணடைந்தார்களாம். சரணடையாதவர்கள் கதி என்ன என்பதை விவரிக்க எனக்கு மனசில்லை.

நான் இந்தத் துறையைப் பற்றித் தேடிப் படிக்கக் காரணமே வேறொன்று: மூடுபனி. குண்டு போடப் போன விமானங்கள் நள்ளிரவில் திரும்பும்போது, இங்கிலாந்தின் பனியில் ஓடுபாதை தெரியாது. எரிபொருள் தீரும்வரை சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு விழ வேண்டியதுதான். 1943 டிசம்பர் 16 இரவு, பெர்லின் போய்த் தப்பி வந்த விமானங்களில் ஏறக்குறைய 30 இப்படிச் சொந்த மண்ணிலேயே அழிந்தன.

இதற்கு ஒரு வழி பாருங்கள் என்று 1942லேயே லாயிடிடம் சொல்லியிருந்தார் சர்ச்சில். துறை கண்டுபிடித்த வழி ‘ஃபிடோ’. ஓடுபாதையின் இரண்டு பக்கமும் துளை போட்ட குழாய்கள். அதில் பெட்ரோலைச் செலுத்திக் கொளுத்துவார்கள். மூடுபனி என்பது மிக நுண்ணிய நீர்த்துளிகள்தானே. காற்று சில டிகிரி சூடானாலே ஆவியாகிவிடும். ஓடுபாதைக்கு மேலே மட்டும் வானம் திறந்துகொள்ளும். மணிக்கு ஒரு லட்சம் கேலன் வரை பெட்ரோல் குடிக்கும் ஏற்பாடு இது. எந்தக் கணக்குப்பிள்ளையும் சம்மதிக்க மாட்டார்!

1943 நவம்பரில் கிரேவ்லி விமானதளத்தில், தாக்குதலிலிருந்து திரும்பிய நான்கு ஹாலிஃபாக்ஸ் விமானங்கள் முதன்முதலாக இந்த வெளிச்சத்தில் இறங்கின. இரண்டு பக்கமும் தீச்சுவர், நடுவில் இறங்க வேண்டும்; விமானிகளுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். பிரிட்டனில் மொத்தம் 15 தளங்களில் இது இருந்தது. போர் முடிவதற்குள் சுமார் 2,500 விமானங்கள், அவற்றில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர், பத்திரமாகத் தரையிறங்கினார்கள்.

அமைதிக் காலத்தில் இவ்வளவு பெட்ரோலை எரிக்க யாரிடமும் காசில்லை. ரேடியோ, ராடார் உதவியோடு தரையிறங்கும் முறைகளும் வளர்ந்துவிட்டன. குழாய்களை அணைத்துவிட்டார்கள்.