ஸ்கேன் நார்மல்னு வந்த பிறகு

2019 ஆகஸ்ட், லார்ட்ஸ் மைதானம். ஜோஃப்ரா ஆர்ச்சர் போட்ட பவுன்சர் கழுத்துல பட்டு ஸ்டீவ் ஸ்மித் அப்படியே சாய்ஞ்சது கிரிக்கெட் பார்க்குற எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அன்னைக்குச் செஞ்ச பரிசோதனையில தேறிட்டார், திரும்ப வந்து பேட்டிங்கும் செஞ்சார். மறுநாள் காலையிலதான் தலைவலியும் மந்தமும் தெரிய ஆரம்பிச்சது. அவருக்குப் பதிலா லபுஷேன் இறங்கினார்; டெஸ்ட் வரலாற்றில் முதல் கன்கஷன் மாற்று வீரர் அவர்தான்.

டீம் டாக்டர் பக்கத்துலயே இருந்த ஆளுக்கே அறிகுறி மறுநாள்தான் வெளியே வந்தது. பைக்ல சறுக்கி விழுந்துட்டு, "ஒண்ணும் இல்ல மச்சான்"னு எழுந்து ஹாஸ்டலுக்கு வர்ற நமக்கு? அதுலயும், நீங்க ஏற்கெனவே மனச்சோர்வுக்கு, அதாவது டிப்ரஷனுக்கு, மாத்திரை எடுத்துட்டு இருக்கறவரா இருந்தா விஷயம் இன்னும் கொஞ்சம் சிக்கல். இந்தக் கட்டுரை முக்கியமா உங்களுக்கும் உங்க ரூம்மேட்டுக்கும்தான்.

கன்கஷன்னா மூளை அதிர்வு. மண்டை ஓட்டுக்குள்ள மூளை சட்டுன்னு குலுங்கும்போது நரம்பு செல்களோட வேலை கொஞ்ச நாளைக்குத் தடுமாறும். மயக்கம் போட்டாதான் கன்கஷன்னு நினைக்காதீங்க, பெரும்பாலானவங்க மயங்குறதே இல்லை. சி.டி. ஸ்கேன் எடுக்கிறது ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இருக்கான்னு பார்க்கத்தான். நம்ம பாஷையில சொன்னா, போர்டுல எந்த டிராக்கும் அறுந்து போகல, ஆனா ஃபர்ம்வேர் தடுமாறுது. (டாக்டர்கள் இந்த உவமையைக் கேட்டா சிரிப்பாங்க, பரவாயில்லை.) அதனால "ஸ்கேன் நார்மல்"னா உடனடி ஆபத்து இல்லைன்னு மட்டும்தான் அர்த்தம். உங்களுக்கு ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம் இல்லை.

மேல போறதுக்கு முன்னாடி ஒண்ணு. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, வலிப்பு, பேச்சு குழறுறது, கை கால் பலவீனம், ஒரு கண்மணி மட்டும் பெருசா தெரியுறது, எழுப்பினாலும் சரியா எழாம இருக்குறது, மூக்குலயோ காதுலயோ தெளிவான நீர் வடியுறது: இதுல ஒண்ணு இருந்தாலும் 108. காலையில பார்த்துக்கலாம்னு விடக்கூடாது. செலவுக்குப் பயப்படவும் வேண்டாம். தமிழ்நாட்டுல சாலை விபத்துன்னா, 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல சேர்ந்த மருத்துவமனைகள்ல முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரைக்கும் அரசே ஏத்துக்குது.

சரி, சிக்கல் எங்கே? தூக்கம் கெடுறது, எப்பவும் அசதி, கவனம் நிக்காம போறது, எரிச்சல், எதுலயும் ஈடுபாடு இல்லாம இருக்குறது. இந்தப் பட்டியலை மனச்சோர்வுன்னும் படிக்கலாம், கன்கஷன்னும் படிக்கலாம். மனநல ஓ.பி.யில நிரப்பச் சொல்ற பி.எச்.க்யூ-9 படிவத்தைப் பாருங்க. 9 கேள்வியில தூக்கம், அசதி, கவனம், மந்தம்னு நாலைஞ்சு கேள்விக்குக் கன்கஷன் மட்டுமே மார்க் ஏத்திவிட்டுடும். விளைவு என்னன்னா, கேஷுவாலிட்டியில "ஸ்கேன் க்ளியர், உங்களுக்குத்தான் டிப்ரஷன் இருக்கே, அதுவா இருக்கும்"பாங்க. மனநல மருத்துவரோ "அடிபட்டதால இருக்கும், நியூரோவைப் பாருங்க"ன்னு சொல்லலாம். நடுவுல நீங்க ரெண்டு சீட்டோட நிப்பீங்க. ஏற்கெனவே மனச்சோர்வு இருக்கறவங்களுக்குக் கன்கஷன் ஆற அதிக நாள் எடுக்கலாம்னு மருத்துவத்துக்கே நல்லா தெரியும். "எல்லாம் மனசுதான்"னு ஒதுக்க அதைக் காரணமாக்கக் கூடாது. கூடுதலா கவனிக்க வேண்டியதுக்குத்தான் அது காரணம்.

இதை உடைக்க உங்க கையில இருக்குற ஒரே ஆயுதம் தேதி. ஒரு பேப்பரை எடுத்து நடுவுல கோடு போடுங்க. இடது பக்கம், அடிபடுறதுக்கு முந்தின ரெண்டு வாரம் எப்படி இருந்தீங்க: எத்தனை மணி நேரம் தூங்கினீங்க, எவ்வளவு நேரம் படிக்க முடிஞ்சது, மெஸ்ஸுக்குப் போனீங்களா. வலது பக்கம், அடிபட்ட நாள்ல இருந்து என்ன மாறிச்சு. வெளிச்சமும் சத்தமும் கூசுதா, தலையைத் திருப்பினா சுத்துதா, லேப்டாப்பைத் திறந்த 10 நிமிஷத்துல தலைவலி வருதா? இதெல்லாம் வழக்கமா மனச்சோர்வுல வர்றதில்லை. "எனக்கு முன்னாடியே மனச்சோர்வு இருக்கு, அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது 12-ம் தேதிக்கு அப்புறம் வந்தது, வேற மாதிரி இருக்கு"ன்னு சொல்லுங்க. இந்த ஒரு வாக்கியத்துக்கு அப்புறம் டாக்டர் கேட்குற கேள்விகளே மாறும். பேசத் தலை ஓடலைன்னா பேப்பரையே நீட்டிடுங்க. முடிஞ்சா ரூம்மேட்டையும் கூட்டிட்டுப் போங்க. நீங்க ஒரே கேள்வியை மூணு தடவை கேட்டது அவனுக்குத்தான் தெரியும்.

மாத்திரை விஷயத்தை மறைக்காதீங்க. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் மாதிரி மாத்திரைகளைச் சாப்பிடுறவங்க தலைவலிக்கு மெடிக்கல்ல இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக்னு வாங்கிப் போட்டா ரத்தக்கசிவு அபாயம் கூடும். அடிபட்ட புதுசுல அது வேண்டவே வேண்டாம், பாராசிட்டமால்தான் வழக்கமா தர்றது. தூக்க மாத்திரையோ குளோனசெபாமோ எடுக்கறவங்க அதைக் கட்டாயம் சொல்லணும். மயக்கம் மாத்திரையாலயா அடியாலயான்னு பிரிச்சுப் பார்க்க வேண்டியது டாக்டர். பலரும் கவனிக்காதது இன்னொண்ணு: ஆஸ்பத்திரி அலைச்சல்ல மனச்சோர்வு மாத்திரையை மூணு நாள் விட்டுட்டா, அதனாலேயே தலைசுத்தல், குமட்டல், எரிச்சல் எல்லாம் வரும். கன்கஷன் மோசமாகுதுன்னு நினைச்சுப்பீங்க. நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா டோஸை ஏத்தவும் வேண்டாம்.

ஓய்வு பற்றிப் பழைய அறிவுரை, இருட்டு ரூம்ல ஒரு வாரம் படுத்துக் கிடங்கறது. இப்போ அப்படிச் சொல்றதில்லை. 2022-ல ஆம்ஸ்டர்டாம்ல கூடின விளையாட்டுக் கன்கஷன் நிபுணர்கள் சொன்னது, முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு, அதுவரை திரையைக் குறைக்கணும், அப்புறம் மெதுவான நடை. தனிமையில படுத்தே கிடந்தா மனச்சோர்வு எப்படி ஏறும்னு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கேம்பஸுக்குள்ள ஒரு சுத்து நடங்க, தலைவலி கூடினா உட்காருங்க. முழுசா சரியாகாம மறுபடி மேட்ச் ஆடப் போறது, பைக் ஓட்டுறது, குடிக்கிறது மூணும் கூடாது. பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துல சரியாகிடும். நாலு வாரம் தாண்டியும் இருந்தா நியூராலஜி ஓ.பி. போங்க. தலைசுத்தலுக்குன்னே பிசியோதெரபி பயிற்சிகள் இருக்கு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநல ஓ.பி.யும் இருக்கும், ரெண்டு சீட்டையும் ரெண்டு டாக்டர்கிட்டயும் காட்டுங்க.

அடிபட்ட பிறகு "இருந்து என்ன பண்ண"ங்கற நினைப்பு புதுசா வந்தாலோ, பழசு அதிகமானாலோ, அதுவும் ஒரு அவசர அறிகுறிதான். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். பக்கத்துல யாரையாவது இருக்கச் சொல்லுங்க.

கடைசியா, நம்ம எல்லாருடைய பயம்: அட்டெண்டன்ஸ். அண்ணா பல்கலை இணைப்புக் கல்லூரிகள்ல 75 சதவீதம் வேணும், மருத்துவச் சான்று இருந்தா 65 வரைக்கும் இறங்க வழி இருக்கு. முதல் நாளே சான்றிதழ் கேட்டு வாங்கிடுங்க. அதுல "தலைக்காயம், ஓய்வு தேவை"ன்னு இருந்தா போதும். மனச்சோர்வு பற்றி ஒரு வரியும் அதுல வரணும்னு அவசியம் இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்க சிகிச்சை விவரம் ரகசியம். ஹெச்.ஓ.டி.கிட்ட எதைச் சொல்லணும், எதைச் சொல்ல வேண்டாம்னு முடிவு பண்றது நீங்கதான்.