பஸ்ஸில் அவமானமா? சட்டம் உங்கள் பக்கம்!

பூந்தமல்லியில் இருந்து ஆவடிக்குப் போகும் சாலையில் இருக்கிறது, பாரிவாக்கம். காலை வேளையில் இந்தச் சந்திப்பில் நிற்பவர்களைப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், கூடை சுமந்த கிழவிகள்! பஸ் வந்ததும் ஒரே தள்ளுமுள்ளு. படியில் ஏறத் தடுமாறும் பாட்டியைப் பார்த்து, "வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதானே!" என்று ஒரு அதட்டல். பாட்டி வாய் திறப்பதில்லை. கூட்டமும் திறப்பதில்லை.

"நம்மால் என்ன செய்ய முடியும்?" என்பதுதான் எல்லாருடைய எண்ணமும். ஆனால் செய்ய முடியும் என்று கோர்ட்டுகள் பல முறை காட்டியிருக்கின்றன.

தென்காசியில் நடந்தது

1999-ம் ஆண்டு ஜூலை 9-ந்தேதி. இரவு சுமார் 11 மணி. தென்காசி பஸ் நிலையத்தில் ஒரு கணவனும் மனைவியும் பஸ்சுக்குக் காத்திருந்தார்கள். குற்றாலம் சீசன் பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஒரு போலீஸ்காரர் அவர்களை நெருங்கினார். அந்தப் பெண்ணைத் தன்னுடன் வரும்படி கூப்பிட்டார். வராவிட்டால் கணவன் மீது வழக்குப் போடுவதாக மிரட்டினார்.

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? ஆனாலும் அந்தத் தம்பதி துணிந்தார்கள். எதிர்ப்பக்கம் நின்ற வேறு போலீஸ்காரர்களிடம் ஓடிப் போய்ச் சொன்னார்கள். மிரட்டியவர் பிடிபட்டார். இலாகா விசாரணை நடந்தது. அவருடைய வேலை போயிற்று.

கிரிமினல் வழக்கில் சாட்சிகள் பிறழ்ந்ததால் அவருக்கு விடுதலை கிடைத்தது. அதைக் காட்டி ஐகோர்ட்டில் வேலையையும் திரும்பப் பெற்றார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2012 நவம்பர் 30-ந்தேதி தீர்ப்பு வந்தது. வேலை நீக்கம் சரியே என்றார்கள் நீதிபதிகள்.

அதோடு நிற்கவில்லை. நாடு முழுவதற்கும் உத்தரவு போட்டார்கள். பஸ் நிலையங்களிலும் ரெயில் நிலையங்களிலும் சாதாரண உடையில் பெண் போலீசாரை நிறுத்த வேண்டும். கேமராக்கள் பொருத்த வேண்டும். ஓடும் பஸ்சில் ஒரு பெண்ணிடம் யாராவது வம்பு செய்து, அவள் முறையிட்டால், வண்டியை நேராகப் பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கு ஓட்டிச் செல்ல வேண்டும். தவறினால் அந்த வண்டியின் பெர்மிட்டே ரத்தாக வேண்டும்!

ஆகவே, "அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்" என்று கண்டக்டர் சொன்னால், அவர் தம் கடமையைத் தட்டிக் கழிக்கிறார் என்று பொருள்.

20 ரூபாய்க்கு 22 ஆண்டு

வட நாட்டில் மதுரா ரெயில் நிலையம். 1999-ல் ஒரு வக்கீல் இரண்டு டிக்கெட் வாங்கினார். கட்டணம் 70 ரூபாய். வாங்கியதோ 90 ரூபாய். கேட்டும் பாக்கி கிடைக்கவில்லை. வழக்குப் போட்டார். சுமார் 22 ஆண்டு அலைந்தார். 2022-ல் வெற்றி! 20 ரூபாயை 12 சதவீத வட்டியோடு தருவதுடன், மன வேதனைக்கும் செலவுக்கும் 15 ஆயிரம் ரூபாய் தரவும் உத்தரவாயிற்று.

மேற்கு வங்காளத்தைச் சேர்ந்த ஜீஜா கோஷ், மூளை முடக்குவாதம் உள்ள பெண்மணி. 2012-ல் கல்கத்தாவில் இருந்து கோவா செல்ல விமானத்தில் ஏறி உட்கார்ந்தவரை, கீழே இறக்கி விட்டார்கள். சுப்ரீம் கோர்ட்டு 2016-ல் அவருக்கு 10 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு வழங்கச் சொல்லிற்று.

ரெயில் 4 மணி நேரம் தாமதமாக வந்ததால் விமானத்தைத் தவற விட்ட ஒரு குடும்பத்துக்கு, 2021-ல் அதே கோர்ட்டு 30 ஆயிரம் ரூபாயை உறுதி செய்தது.

எல்லா வழக்கும் ஜெயிக்கும் என்று எண்ண வேண்டாம். ரெயிலில் இடுப்பில் கட்டியிருந்த ஒரு லட்சம் ரூபாய் திருடு போனதாக வந்த வழக்கை 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளி விட்டது. சொந்தப் பொருளைக் காப்பது பிரயாணியின் பொறுப்பு என்று சொல்லி விட்டது.

என்ன செய்வது?

பாரிவாக்கத்துக்காரர் வழக்குப் போட டெல்லிக்கும் போக வேண்டாம், வக்கீலும் வைக்க வேண்டாம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே பிராது கொடுக்கலாம். அதாவது, திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் பிராதுக்குக் காசு கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 1915 என்ற டெலிபோன் எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். ஆபத்து என்றால் 112; பெண்களுக்கு 181; ரெயிலில் 139.

காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்காத கண்டக்டருக்கு 500 ரூபாய் வரை அபராதம் உண்டு. சவாரி வர மறுக்கும் ஆட்டோவுக்கு மோட்டார் வாகனச் சட்டம் விதிப்பது 50 ரூபாய் வரைதான். டீச் செலவுக்குச் சமமான இந்த அபராதத்துக்கு யார் பயப்படுவார்கள்? இதை உயர்த்தத்தான் வேண்டும்.

முக்கியமான விஷயம் ஒன்று. டிக்கெட்டைக் கசக்கி எறியாதீர்கள். பஸ் நம்பர், தேதி, நேரம், இடம் நான்கையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருந்தவரின் பெயரையும் கேட்டு வையுங்கள். கோர்ட்டில் கோபம் செல்லாது, சாட்சிதான் செல்லும். தென்காசி வழக்கே அதற்கு உதாரணம்.

பிரயாணிக்கும் கடமை உண்டு. டிக்கெட் இல்லாமல் ஏறுவதும், கண்டக்டர் மேல் கை வைப்பதும் குற்றம். நெரிசலில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கும் அவரும் மனிதர்தானே!

நாளைக் காலையிலும் பாரிவாக்கத்தில் பஸ் வரும். பாட்டியும் ஏறுவாள். அதட்டல் கேட்டால், "மரியாதையாகப் பேசுங்கள், ஐயா" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னால் போதும். மற்றவர்களுக்கும் குரல் வரும்.