குரூப்பில் 140 பேர், கூட்டத்துக்கு 11 பேர்!

எங்கள் ஊர் பெண்கள் தையல் சங்கத்துக்கு நான் செயலாளர். செயலாளர் என்றதும் ஏதோ பெரிய பதவி என்று நினைத்து விடாதீர்கள், சகோதரிகளே! ஹைஸ்கூலோடு படிப்பை நிறுத்தி, கல்யாணமாகி, குழந்தைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஜாக்கெட் தைக்க உட்கார்ந்தவள்தான் நான். கும்பகோணம் பக்கத்துச் சின்ன ஊர். சங்கத்தில் 140 பேர். திண்ணையிலும், கூடத்து ஜன்னலோரத்திலும், சிலர் சமையலறை வாசற்படியை ஒட்டியும் மெஷின் போட்டுத் தைக்கிறவர்கள்.

ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் நடத்துவது ஒரு விதத்தில் சுலபம். ஷிஃப்ட் விடும் நேரத்தில் வாசலில் போய் நின்றால் அத்தனை பேரையும் பார்த்து விடலாம். வீட்டில் தைக்கிறவளுக்கு ஆலை வாசலும் கிடையாது, ஷிஃப்டும் கிடையாது. 1972-ல் அகமதாபாத்தில் எலா பட் அம்மையார், சுயதொழில் செய்யும் பெண்களுக்காக ‘சேவா’வைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது, முதலாளியே இல்லாதவர்களுக்கு எப்படித் தொழிற்சங்கம் என்று அதிகாரிகள் தயங்கினார்களாம். முதலாளி இல்லை என்பதோடு போகவில்லையே! ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதே அபூர்வம்.

அதனால்தான் 2020-ல் ஊரடங்கு வந்து எல்லோரும் வீட்டோடு கிடந்தபோது, அப்போதிருந்த நிர்வாகிகள் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கினார்கள். ஒரு குரூப்பில் இப்போது 1024 பேர் வரை இருக்கலாம். நமக்கு 140 பேர் எம்மாத்திரம்? எல்லோரையும் சேர்த்தாயிற்று, சங்கம் கைக்குள் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். நான் பொறுப்புக்கு வந்து முதல் கூட்டம் போட்டேன். செய்தி குரூப்பில் போயிற்று. வந்தவர்கள் 11 பேர்!

“பொம்பளைங்களுக்கு அக்கறையே இல்லம்மா” என்று தலைவி அம்மா பெருமூச்சு விட்டார். எனக்கு அது ஒப்பவில்லை. காலேஜில் படிக்கும் என் பெண்தான் ஒரு வழி காட்டினாள். குரூப்பில் நாம் போட்ட செய்தியை விரலால் சற்று அழுத்திப் பிடித்து, ‘இன்ஃபோ’ என்பதைத் தொட்டால், யார் யார் படித்தார்கள், யாருக்கு வந்து சேர்ந்ததோடு சரி என்று பெயர் பெயராகக் காட்டுகிறது. நீலக் கோட்டை அணைத்து வைத்திருப்பவர்கள்கூட, குரூப்பில் படித்தால் அதில் தெரிந்து விடுகிறது. பார்த்தால், இரண்டு நாளில் படித்திருந்தவர்கள் 52 பேர்தான். மீதிப் பேரைத் தேடிப் புறப்பட்டேன். சிலருக்குப் போன், சிலர் வீட்டுக்கு நேரில். மூன்று வாரம் ஆயிற்று.

பெரும்பாலோர் சொன்ன காரணம், காலை வணக்கம்! விடிந்தால் ரோஜாப்பூ படம், சாமி படம், பாட்டி வைத்தியம். “அதுக்குள்ள சங்க விஷயம் எங்க இருக்குன்னு யாரு தேடறது? சத்தத்தை அமுக்கி வச்சிட்டேன்க்கா” என்றார்கள். சிலருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகிறது. இதெல்லாம் நான் ஓரளவு எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது இன்னொன்று. எங்கள் உறுப்பினர் ஒருவர். கணவர் காலமாகி விட்டார். மகளைக் காலேஜில் சேர்த்திருந்தார். தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்த அட்டை அவரிடம் உண்டு. பிள்ளைகள் படிப்புக்கு உதவி, பிரசவ உதவி, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் அந்த அட்டையை வைத்துத்தான். ஆனால் குறிப்பிட்ட காலத்தில் அதைப் புதுப்பிக்க வேண்டும். இவர் அட்டை காலாவதியாகிப் பல மாதம் ஆகியிருந்தது. மகளின் படிப்புக்கு உதவி கேட்டுப் போனபோதுதான் அவருக்கே தெரிந்தது. அந்த வருஷத்துப் பணம் கிடைக்கவில்லை. காலேஜ் கட்டணத்துக்குத் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று.

“குரூப்ல மூணு தடவை போட்டிருக்கே, நீங்க பாக்கலியா?” என்று கேட்டேன். “எந்த குரூப்பும்மா? அந்த நம்பர் என் பையன்கிட்டல்ல இருக்கு!” என்றார். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். எங்கள் சங்கத்தின் புதுப்பிக்கும் நினைவூட்டல்களெல்லாம் இரண்டு வருஷமாகத் திருப்பூரில் ஒரு வாடகை அறையில் போய் மணியடித்துக் கொண்டிருந்திருக்கின்றன!

இவர் ஒருவர்தானா என்று கணக்கெடுத்தேன். 140-ல் 23 பேருடைய எண், கணவருடையது, பிள்ளையுடையது, இல்லையென்றால் மருமகளுடையது. இது நம் ஊர் விஷயம் மட்டுமல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாங்களே பயன்படுத்தும் கைபேசி வைத்திருக்கும் பெண்கள் இந்தியாவில் 100-க்குச் சுமார் 54 பேர்தான்.

அதன் பிறகு நாங்கள் செய்த முதல் வேலைக்குக் கைபேசியே வேண்டியிருக்கவில்லை. ஒரு நீள நோட்டு வாங்கி, ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே, போன் யாருடையது, வாரியத்தில் பதிவான எண் எது, அது இப்போது யார் கையில் இருக்கிறது, அட்டை எந்த மாதம் முடிகிறது என்று எழுதினோம். அட்டை முடிய மூன்று மாதம் இருக்கும்போதே அந்த உறுப்பினருக்குத் தனியாகப் போன் போகும். சொந்தப் போன் இல்லாத 23 பேருக்கும் அதே தெருவில் ஒரு தோழியைக் குறித்துக் கொண்டோம். குரூப்பில் செய்தி வந்ததும் அவர் போய்ச் சொல்லி, ‘சொல்லியாச்சு’ என்று எனக்கு ஒரு வரி போட வேண்டும். கால்நடையாகப் போகிற வாட்ஸ்அப் என்று என் கணவர் கேலி செய்கிறார். செய்யட்டும்!

குரூப்பை இரண்டாகப் பிரித்தோம். ஒன்றில் நிர்வாகிகள் மட்டும் எழுத முடியும். அந்த வசதி 2018-லிருந்தே இருக்கிறது. வாரத்துக்கு இரண்டே செய்தி. அதையும் எழுதுவதில்லை, பேசி அனுப்புகிறோம். ஒரு நிமிஷத்துக்கு மேல் போகாது. ஒரு செய்தியில் ஒரே விஷயம். அனுப்புவது பிற்பகல் இரண்டரை மணிக்கு. பாத்திரம் கழுவி முடித்து, பிள்ளைகள் ஸ்கூலிலிருந்து வருவதற்குள் மெஷினில் உட்காருகிற நேரம் அது. காதில் கேட்டுக்கொண்டே கால் மிதிக்கலாம், பாருங்கள்.

இன்னொரு குரூப் பேச்சுக்கு. ரோஜாப்பூ அங்கேயும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். பொங்கலுக்குத் திரும்பி வந்தார்கள். அதில் அதிகம் ஓடுவது எது தெரியுமா? வேலை! “ஸ்கூல் யூனிஃபார்ம் 60 செட் வந்திருக்கு, பாதி யாரு எடுத்துக்கறீங்க?”, “காஜா போட ஆள் வேணும்”, “ஆரி வேலைக்கு யாரு இருக்கீங்க?” இப்படி ஒரு செய்தி போட்டால் பத்து நிமிஷத்தில் பதில் வருகிறது. கூட்டத்தில் வாயே திறக்காதவர்கள்கூட வேலை என்றால் முதலில் கை தூக்குகிறார்கள். அக்கறை இல்லாத பெண்களா இவர்கள்?

தீபாவளிக்கு முன்னால் லைனிங் ஜாக்கெட்டுக்கு என்ன கூலி வாங்குவது என்று வாட்ஸ்அப்பிலேயே ஓட்டெடுப்பு வைத்துப் பார்த்தோம். ஒருத்தி 20 ரூபாய் குறைத்தால் அடுத்த தெரு முழுவதும் குறைக்க வேண்டி வருகிறதல்லவா? ஆனால் அந்த ஓட்டெடுப்பில் யார் எதற்குப் போட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே வீட்டு மாமியாரும் மருமகளும் எதிரெதிராகப் போட்டுவிட, அந்த வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை! கூலி விஷயத்துக்கு மட்டும் இப்போது அவரவர் எனக்குத் தனியாகச் சொல்கிறார்கள். நான் கூட்டிச் சொல்லி விடுகிறேன்.

குரூப்பில் சேர்ந்தால் நம் எண் எல்லோர் கண்ணிலும் படும். அதற்குச் சில வீடுகளில் சம்மதமில்லை. அவர்களுக்கு ‘பிராட்காஸ்ட்’ முறையில் அனுப்புகிறோம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் அனுப்புகிறவர் எண்ணை அவர்கள் தங்கள் போனில் பதிந்து வைத்திருந்தால்தான் வந்து சேரும். நாங்கள் நேரில் போய்ப் பதிந்து கொடுத்துவிட்டு வந்தோம்.

சந்தாவும் இப்போது பாதிப் பேரிடமிருந்து யு.பி.ஐ.யில் வருகிறது. இதில் ஒன்றை மட்டும் இரண்டரை மணிச் செய்தியில் மாதம் ஒருமுறை சொல்லி வருகிறேன். நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண்ணை அழுத்த வேண்டியதே இல்லை. ‘வாரிய உதவித்தொகை வந்திருக்கு, எண்ணைப் போடுங்க’ என்று எவனாவது போன் செய்தால் வைத்துவிட வேண்டியதுதான். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிட வேண்டும். எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு அப்படி ஒரு அழைப்பு வந்தபோது, “எங்க செயலாளர் அக்காவைக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்றாராம். அவன் வைத்துவிட்டான்!

போன மாதக் கூட்டத்துக்கு 64 பேர் வந்தார்கள். ஜமுக்காளம் போதவில்லை. திருப்பூர்ப் பையனின் அம்மா அட்டையைப் புதுப்பித்துவிட்டார். இந்த வருஷம் மகளுக்கு விண்ணப்பமும் கொடுத்தாயிற்று. தீபாவளித் தையல் கூலியில் தனக்கென்று ஒரு போன் வாங்கி, எண்ணையும் மாற்றிக்கொண்டார். குரூப்பில் அவர் பேசிய முதல் செய்தி, “மெரூன் கலர் நூல் யார்கிட்டயாவது ஒரு கண்டு இருக்கா?” என்பதுதான். நோட்டில் அந்த 23 பேரில் 14 பேருக்கு இப்போது சொந்த எண் எழுதியாயிற்று. 9 பேர் பாக்கி.