மிக்சரிலிருந்து கம்ப்யூட்டருக்கு: டிஜே மிக்ஸ் பதிவு செய்திட

இரண்டு பிளேயர்களில் பாடல்களை ஓடவிட்டு, ஒன்று முடியும் முன்பே அடுத்ததை மிக்சர் வழியே இழையவிடுவது டிஜே மிக்ஸ். ஒரு மணி நேரம் மிக்ஸ் செய்ததை அப்படியே இன்னொரு முறை செய்வது இயலாத காரியம். எனவே பதிவு முதல் முறையிலேயே சரியாக அமைந்திட வேண்டும். இதற்கு ஒரு கேபிள், ஓர் இலவச புரோகிராம், கொஞ்சம் கவனம் ஆகியவை போதும். நான் பின்பற்றும் வழியை இங்கு தருகிறேன்.

எங்கே இணைப்பது?

மிக்சரின் பின்புறத்தில் மாஸ்டர் அவுட் என்பது ஆம்ப்ளிபயருக்கானது. ரெக் அவுட் என்ற பெயரில் சிவப்பு, வெள்ளை நிறங்களில் இரண்டு ஆர்.சி.ஏ. சாக்கெட்டுகள் இருந்தால், பதிவுக்கு அவற்றையே பயன்படுத்துங்கள். பெரும்பாலான மிக்சர்களில் மாஸ்டர் வால்யூம் இவற்றைப் பாதிக்காது. அறையில் சத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் பதிவின் அளவு மாறாது.

ஒரு முனையில் இரண்டு ஆர்.சி.ஏ. பிளக்குகளும், மறுமுனையில் 3.5 மிமீ ஸ்டீரியோ பிளக்கும் உள்ள கேபிள் வாங்கிக் கொள்ளுங்கள். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் பச்சை நிற ஜாக் ஸ்பீக்கருக்கு, பிங்க் நிறம் மைக்கிற்கு, வெளிர் நீலம் லைன் இன். மிக்சர் கேபிளை வெளிர் நீலத்தில்தான் செருக வேண்டும். மைக் தரும் சிக்னல் மிகச் சிறியது என்பதால், பிங்க் ஜாக்கில் வருவதைக் கம்ப்யூட்டர் பல மடங்கு பெருக்கும். மிக்சரின் வலுவான சிக்னலை அங்கே கொடுத்தால் இசை கரகரவென்று ஆகிவிடும்.

லேப்டாப்பில் பெரும்பாலும் லைன் இன் இருப்பதில்லை. அதற்கு ஆர்.சி.ஏ. இன்புட் உள்ள யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ் ஒன்றை வாங்கிப் பயன்படுத்தலாம். மிக்சரிலேயே யு.எஸ்.பி. போர்ட் இருந்தால், அது கம்ப்யூட்டருக்கு ஒலியை அனுப்புமா என்று மேனுவலில் பாருங்கள். சில மிக்சர்களில் அது பென் டிரைவுக்கு மட்டுமே.

புரோகிராம்

நான் பயன்படுத்துவது ஆடாசிட்டி. 2000ஆம் ஆண்டில் வெளியான இந்த இலவச புரோகிராம் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. ரெக்கார்டிங் சாதனமாக லைன் இன் அல்லது யு.எஸ்.பி. இன்டர்பேஸைத் தேர்ந்தெடுங்கள். சேனல் 2 (ஸ்டீரியோ), சாம்பிள் ரேட் 44,100 ஹெர்ட்ஸ் என அமைத்திடுங்கள். சிவப்பு வட்டத்தில் கிளிக் செய்தால் பதிவு தொடங்கும்.

இரண்டு பூஜ்யங்கள்

புதியவர்கள் குழம்பும் இடம் இதுதான். மிக்சர் மீட்டரில் 0 என்பது வழக்கமான அளவு. அதைச் சற்றுத் தாண்டினாலும் பாதகமில்லை. கம்ப்யூட்டர் மீட்டரில் 0 என்பது கடைசி எல்லை. அதைத் தாண்டும் ஒலி அலையின் தலை வெட்டப்படும். இதற்குப் பெயர் கிளிப்பிங். வெட்டப்பட்டதைப் பின்னர் முழுமையாக மீட்க முடியாது. ஆனால் சற்றுக் குறைவாகப் பதிவானதை ஆம்ப்ளிபை கட்டளை மூலம் கூட்டிக் கொள்ளலாம்.

எனவே முதலில் ஒரு நிமிடச் சோதனை. உங்கள் மிக்ஸில் இரண்டு பாடல்களும் சேர்ந்து அதிரும் இடத்தைப் பதிவு செய்யுங்கள். உச்ச அளவு -6 டெசிபல் அருகே நிற்குமாறு ரெக்கார்டிங் வால்யூமைச் சரிசெய்யுங்கள். மீட்டர் 0-வைத் தொடாமலேயே அலைகளின் தலை தட்டையாகத் தெரிந்தால், சிக்னல் அதற்கு முன்பே உடைகிறது என்று பொருள். அப்போது மிக்சரில் கெயின் அளவைக் குறைத்திடுங்கள்.

"ம்ம்ம்" என்ற இரைச்சல் கேட்டால், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பல சமயங்களில் அதுவே காரணம்.

எவ்வளவு இடம் தேவை?

சிடி தரத்தில் ஒரு நிமிட ஸ்டீரியோ இசைக்கு ஏறத்தாழ 10 எம்பி, ஒரு மணி நேரத்திற்கு 635 எம்பி ஆகும். வழக்கமான அமைப்பில் ஆடாசிட்டி பதிவின்போது இதைப் போல இரு மடங்கு இடம் எடுக்கும். 2 ஜிபி காலியாக இருந்தால் கவலையில்லை. முடித்தவுடன் வேவ் பைலாக எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்துங்கள். நண்பர்களுக்கு அனுப்ப 192 கேபிபிஎஸ் எம்பி3 போதும். ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 86 எம்பி ஆகும். முன்பு இதற்கு லேம் என்ற பைலைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. 2019ல் வந்த 2.3.2 பதிப்பு முதல் அது ஆடாசிட்டியுடனேயே வருகிறது.

பதிவின் நடுவே கம்ப்யூட்டர் ஸ்லீப் நிலைக்குப் போகாதவாறு செட்டிங்ஸில் மாற்றிவிட்டு, சிவப்பு வட்டத்தில் கிளிக் செய்திடுங்கள்.