மறுபடியும் எரியும் மஞ்சள் விளக்கு



சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் பல விளக்குகள் ஒன்றாக எரியும். இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் எல்லாம் அணைந்துவிடும். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மட்டும் அணையாமல் நின்றால், அதுதான் 'செக் இன்ஜின்' விளக்கு. வண்டி நன்றாகவே ஓடும், பிக்கப் குறையாது, மைலேஜும் பெரிதாகக் குறையாது. அதனால் ஓனர் நாலு நாள் பார்த்துவிட்டு ஒர்க் ஷாப்புக்கு வருவார். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகி, கோடை அழித்து அனுப்பிவிடுவார். பத்து நாளில் விளக்கு மறுபடியும் எரியும். ஏன் மறுபடியும் எரிகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

நம் ஊர்க் கணக்காகவே பார்ப்போம். மணப்பாறையில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வண்டி, ஃபைனான்ஸ் தவணை இன்னும் முடியவில்லை. பெரும்பாலும் உள்ளூர்ச் சவாரி: ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், சந்தை நாளில் வியாபாரிகள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் திருச்சி ஏர்போர்ட் சவாரி கிடைக்கும். அவர் சொல்வார்: "என்னண்ணே, போன வாரம்தானே அழிச்சு விட்டீங்க. ஊருக்குள்ள ஓட்டுறப்ப ஒண்ணுமில்ல. நேத்து திருச்சி போயிட்டு வந்தேன், திரும்ப எரியுது." மெக்கானிக் பதில்: "சென்சார் போயிருக்கும் தம்பி, மாத்திடலாம்." சென்சார் மாற்றியும் எரிகிறது. "அப்ப கன்வெர்ட்டர்தான்" என்று அடுத்த பேச்சு வரும். அது பத்தாயிரக் கணக்கில் வரும் செலவு. தவணை கட்ட வைத்திருந்த பணம் அது.

'ஊருக்குள் ஓட்டினால் வரவில்லை, திருச்சி போனால் வருகிறது' என்று அவர் சொன்னதில் பாதி விடை இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டும் நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஆள் அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

இந்த விளக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைப் போர்வை போல மூடிய புகைமூட்டத்துக்குக் கார் புகையும் காரணம் என்று ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் பேராசிரியர் 1950-களில் காட்டினார். அதற்குப் பிறகு கலிபோர்னியா மாநிலம், வண்டி தன் புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டது. அதுதான் ஓ.பி.டி. முறை. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் அதன் இரண்டாம் கட்டம் கட்டாயமானது. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நாலு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோலும், புதுக் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் வந்தன. 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு ஓ.பி.டி. முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 6. அதற்குப் பிறகு வந்த பைக்குகளிலும் இதே மஞ்சள் விளக்கு இருக்கிறது, நம்மில் பலர் ஓட்டுகிற வண்டியைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே கை எட்டும் தூரத்தில் 16 முள் கொண்ட ஒரு கனெக்டர் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் கோடு வரும். நம் வாடகைக் காரில் வந்தது பி0420 என்று வைத்துக்கொள்வோம். 'பி' என்றால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்த பகுதி. அடுத்த '0' என்றால் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான கோடு. '4' என்றால் புகைக் கட்டுப்பாட்டுத் துணைச் சாதனங்கள். மொத்தத்தில் 'கேட்டலிஸ்டின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது' என்று பொருள். கவனியுங்கள், 'கன்வெர்ட்டரை மாற்று' என்று அது சொல்லவில்லை. காய்ச்சல் 102 டிகிரி என்று தெர்மாமீட்டர் காட்டுகிற மாதிரிதான் இது. எதனால் காய்ச்சல் என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இ.சி.யு. இந்த முடிவுக்கு எப்படி வருகிறது? கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன் சென்சார் பழைய ஜிர்கோனியா வகை என்றால், கலவையில் பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட் பக்கமும், காற்று கூடினால் 0.1 வோல்ட் பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கும். 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற அளவைச் சுற்றி இ.சி.யு. கலவையைக் கூட்டிக் குறைப்பதால் வரும் ஆட்டம் இது. புது மாடல்கள் பலவற்றில் முன்னால் வைட்பேண்ட் சென்சார் இருக்கும், அதன் ரீடிங் வேறு மாதிரி. கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போன்ற பீங்கானில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். கூடவே சீரியம் ஆக்ஸைடு. இந்தச் சீரியம்தான் ஆக்ஸிஜன் அதிகமாக வரும்போது பிடித்து வைத்து, குறையும்போது வெளியே விடுகிறது. ஆகவே கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின் சென்சார் ஆடாமல் 0.6, 0.7 வோல்ட் பக்கம் நிற்கும். முன் சென்சார் ஆடுகிற மாதிரியே பின்னதும் ஆடினால், உள்ளே ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும் சக்தி போய்விட்டது என்று இ.சி.யு. கணக்குப் போடுகிறது.

இந்தச் சோதனையை அது எல்லா நேரமும் செய்வதில்லை. இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். மணப்பாறை கடைவீதியில் முதல் கியரும் இரண்டாவது கியருமாக ஊர்கிற வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. திருச்சி ரோட்டில் சுமார் 40 கி.மீ. ஒரே சீராகப் போகும்போதுதான் சோதனை நடக்கிறது. ஒரு தடவை தோற்றால் 'பெண்டிங்' என்று குறித்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் தோற்றால்தான் விளக்கைப் போடும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் ஹைவே ஓடும் வண்டிக்கு, அழித்த கோடு திரும்பி வர பத்து நாள் ஆவது இதனால்தான். கோளாறு அந்தப் பத்து நாளும் அங்கேயே இருந்தது.

சரி, பார்வையை எங்கே தொடங்குவது? அழிப்பதற்கு முன்னால் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படிக்க வேண்டும். கோளாறு பதிவான நொடியில் இன்ஜின் எத்தனை ஆர்.பி.எம்., என்ன வேகம், எவ்வளவு லோடு, கூலன்ட் எத்தனை டிகிரி, ஃப்யூல் ட்ரிம் எவ்வளவு என்று அதில் இருக்கும். கோடை அழித்தால் இதுவும் போய்விடும். அவசரப்பட்டு அழிக்கிறவர் தடயத்தைத் துடைத்துவிட்டுத் திருடனைத் தேடுகிறார். ஒரு ஜாப் கார்டின் பின்பக்கம் போதும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சைலன்சர் லைனில் லீக். கன்வெர்ட்டருக்கு முன்னாலோ, அதற்கும் பின் சென்சாருக்கும் நடுவிலோ ஒரு ஜாயின்டில் கேஸ்கட் ஊதியிருந்தால், புகை வெளியே வருவது மட்டுமல்ல, துடிப்புக்கு நடுவே வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படும். அந்தக் காற்றைப் பின் சென்சார் பார்த்து ஆடும். இ.சி.யு. பழியைக் கன்வெர்ட்டர் மேல் போடும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, சைலன்சர் வாயில் பிளோயரை வைத்து மெல்லக் காற்றடித்து, ஜாயின்டுகளில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்த இடம்தான் லீக். நம் கிராமத்து ஸ்பீடு பிரேக்கர்கள் இருக்கும் லட்சணத்தில் அடியில் தட்டி ஜாயின்ட் அசைவது அதிசயமில்லை. வாடகைக் காரரின் வண்டியில் இந்த ஜாயின்ட்தான் காரணம் என்றால், ஒரு கேஸ்கட்டும் இரண்டு போல்ட்டும்தான் செலவு.

லீக் இல்லையென்றால் பின் சென்சாரைச் சோதிக்கலாம். சூடான இன்ஜினை 2500 ஆர்.பி.எம்.-இல் இரண்டு மூன்று நிமிடம் பிடித்து வைத்து ரீடிங்கைப் பாருங்கள். பிறகு ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் வோல்டேஜ் ஏற வேண்டும், விட்டதும் பெட்ரோல் கட் ஆகி இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் போய் வந்தால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது, அதை மாற்றுவதில் பயனில்லை. சென்சார் நல்லது, லீக் இல்லை, ஆனாலும் ஒரே வேகத்தில் பின் சென்சார் முன் சென்சாரைப் போலவே ஆடுகிறது என்றால், கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்று அப்போது சொல்லலாம். அப்போதும் ஒரு கேள்வி பாக்கி: அது எதனால் செத்தது? பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் கேட்டலிஸ்ட் மேல் படிந்து மூடிவிடும். ஹெட் கேஸ்கட் லீக்காகிக் கூலன்ட் போனாலும் அப்படித்தான். காரணத்தை விட்டுவிட்டுப் புதுக் கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

பின் சென்சாருக்கு அடியில் ஒரு ஸ்பேஸரைச் செருகி, புகையிலிருந்து அதைத் தள்ளி வைத்து விளக்கை அணைக்கும் வித்தை ஒன்று உண்டு. கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும். என்னைக் கேட்டால், தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரில் முக்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. புகைச் சான்றிதழ் வாங்கியாச்சே என்றும் சிலர் வாதாடுவார்கள். நம் ஊர்ப் பெட்ரோல் வண்டிப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரோகார்பனும்தான் முக்கியமாகப் பார்க்கப்படுகின்றன. நைட்ரஜன் ஆக்ஸைடை அங்கே அளப்பதில்லை. விளக்கு எரியும் வண்டி சான்றிதழில் பாஸாவது இதனால் நடக்கக்கூடியதே.

இன்னொரு அடிக்கடி வரும் கோடு பி0171, அதாவது கலவையில் காற்று அதிகம். இங்கே ஃப்யூல் ட்ரிம் பேசும். ஐடிலிங்கில் ட்ரிம் +20 பக்கம் இருந்து, 2500 ஆர்.பி.எம்.-இல் சாதாரணத்துக்கு இறங்கினால் எங்கோ வேக்குவம் ஹோஸ் கிழிந்திருக்கிறது. மாறாக, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் ஃப்யூல் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் பாருங்கள். இ20 பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அதற்குக் காற்று குறைவாகவே வேண்டும். 14.7 என்ற கணக்கு இ20-க்கு 13.5 அளவில் வரும். பழைய வண்டியில் ட்ரிம் சில சதவீதம் கூடுதலாகத் தெரிவது இதனால் இருக்கலாம், அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஏற்கெனவே சின்ன லீக் உள்ள வண்டியை அதுவே வரம்புக்கு மேல் தள்ளிவிடவும் கூடும்.

வைக்கோல் போர் பக்கத்திலோ தீவன மூட்டை பக்கத்திலோ நிறுத்தும் வண்டி என்றால், முதலில் டார்ச் அடித்து வயரிங்கைப் பாருங்கள். எலி கடித்த சென்சார் வயரை எந்தக் கோடும் 'எலி' என்று சொல்லாது.

விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் கதையே வேறு. மிஸ் ஃபயர் கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று அர்த்தம். பீங்கான் உருகிவிடும். 'ஒர்க் ஷாப் வரைக்கும் மெதுவா ஓட்டிட்டு வாங்க' என்று போனில் சொல்லாதீர்கள். ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். ப்ளக், இக்னிஷன் காயில் செலவோடு முடிய வேண்டியது கன்வெர்ட்டர் வரை போய்விடும்.

பி.எஸ். 6 டீசல் வண்டிக்கு நேர் எதிரான நியாயம். அதில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். என்ற ஃபில்டர் இருக்கிறது. கரி நிறைந்ததும் சுமார் 600 டிகிரிக்குச் சூடேற்றி அதை எரிக்க வேண்டும். அதற்குத் தொடர்ந்து கொஞ்ச நேரம் ஹைவே ஓட்டம் வேண்டும். ஊருக்குள்ளேயே ஓடி, பாதி எரியும்போதே இன்ஜினை ஆஃப் செய்தால் கரி சேரும், கூடுதலாக அடித்த டீசல் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். இந்த வண்டிக்காரரைத் திண்டுக்கல் ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வரச் சொல்வது சில சமயம் வைத்தியமே ஆகும், ஃபில்டர் அளவுக்கு மீறி அடைத்துக்கொள்வதற்கு முன் என்றால். ஃபில்டரையே அறுத்து எடுத்துவிட்டு சாஃப்ட்வேரை மாற்றித் தருகிறேன் என்று சொல்பவர்களும் உண்டு. அனுமதியில்லாமல் வண்டியை இப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

வேலை முடிந்து கோடை அழித்த பிறகு, ஸ்கேனரில் 'மானிட்டர்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். எல்லாச் சோதனைகளும் 'முடியவில்லை' என்று காட்டும். விளக்கு அணைந்திருப்பதற்கு அந்த நேரத்தில் அர்த்தமே இல்லை, இ.சி.யு. இன்னும் சோதித்தே பார்க்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு திருச்சி ரோட்டில் ஒரே வேகத்தில் ஓட்டி, கேட்டலிஸ்ட் மானிட்டர் 'முடிந்தது' என்று வந்து, பெண்டிங் கோடும் இல்லையென்றால்தான் சாவியைக் கொடுக்கலாம். சில வண்டிகளுக்கு ஒரே ஓட்டத்தில் முடியும், சிலவற்றுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அந்தப் பெட்ரோல் செலவையும் நாளையும் வேலை எடுக்கும்போதே ஓனரிடம் சொல்லி, ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.